பதினாலாம் நம்பர் தாள்

மகிழினி எப்படிப்பட்ட பிள்ளை என்று கண்டுபிடிக்க இயந்திரத்துக்குப் பதினொரு நிமிடம் போதுமானதாக இருந்தது. பெற்று, பத்து வருடம் கூடவே வைத்து வளர்த்தவளுக்கே இன்னும் முழுசாகப் பிடிபடாத பிள்ளை அது. இயந்திரத்துக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை.

பள்ளியில் ஒரு பலகையைக் கையில் கொடுத்தார்கள். இருபது கணக்கு. பிள்ளை எங்கே தயங்குகிறது, எங்கே பேனாவை அழுத்துகிறது, எதை எழுதிவிட்டு அடிக்கிறது என்று பலகை பார்த்துக்கொண்டே இருக்கும். எழுதி முடித்ததும், இன்னும் ஏழு வருடம் கழித்துப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் அந்தப் பிள்ளை வாங்கப்போகும் மார்க்கைச் சொல்லிவிடும். மார்க்கை அப்படியே சொன்னால் பெற்றவர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்று, வரிசையாக மாற்றிச் சொல்வார்கள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. அந்த இயந்திரத்துக்குப் பெயரே ‘முதல்தாள்’.

திங்கட்கிழமை காலையில் தமயந்தியின் போனுக்குச் செய்தி வந்தது. ‘மகிழினி, ஐந்தாம் வகுப்பு. மூன்றாம் வரிசை. தயவுசெய்து பிள்ளையிடம் தெரிவிக்க வேண்டாம்.’

தமயந்தி அழவில்லை. யாரிடமும் போய்ச் சண்டை போடவில்லை. என் வயிற்றில் பிறந்தது வேறு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் மகிழினி நோட்டை விரித்ததும், “படிச்சது போதும், போய் விளையாடு” என்று தலையைத் தடவி அனுப்பினாள். பாவம், தன்னால் முடியாததைப் போட்டு அது ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

உறையூரில் பள்ளிச் சீருடை தைக்கிற ஒரு கம்பெனியில் தமயந்திதான் கட்டிங் மாஸ்டர். நாற்பது சட்டைக்கான துணியை மேசையில் விரித்துப் போட்டால், அளவு அட்டையை எப்படித் திருப்பி எப்படிச் செருகினால் துணி மிச்சமாகும் என்று நின்ற இடத்திலேயே கண்ணால் பார்த்துவிடுவாள். மற்றவர்கள் வெட்டினால் ஒரு கூடை துண்டுத்துணி விழும். இவள் வெட்டினால் கைப்பிடி அளவுதான். அளவுகளைச் சாக்பீஸால் துணிமேல் குறிக்கும்போது எட்டு என்ற எண்ணை மட்டும் ஒரு தினுசாக எழுதுவாள். ஒரு குட்டி வட்டம், அதன் தலையில் இன்னொரு குட்டி வட்டம். ‘தமா போட்ட எட்டு’ என்று கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாராவது ஒரு கூட்டலைக் கேட்டுவிட்டால் போதும், “எனக்குக் கணக்கு வராதுங்க” என்று போனை அவர்கள் கையில் கொடுத்துவிடுவாள்.

அவளுக்குக் கணக்கு வராது என்பதைச் சொன்னது சாதாரண ஆள் இல்லை, ஹெலன் மிஸ்.

உறையூரில் ஹெலன் மிஸ்ஸிடம் டியூஷன் படிக்காத குடும்பம் குறைவு. வீட்டு மொட்டைமாடியில் தகரக் கொட்டகை, கீழே மூன்று வரிசையாகப் பாய். சேர்ந்த முதல் வாரத்தில் இருபது கணக்கு கொடுப்பார். தாளில் பெயர் எழுதக் கூடாது. அவரவர் உட்காரும் இடத்துக்கு முன்னால் தரையில் ஒரு நம்பர் இருக்கும், அதைத்தான் எழுத வேண்டும். “பேரைப் பாத்தா திருத்துற கை சாஞ்சிடும்” என்பார். மற்ற எல்லாப் பரீட்சைத் தாளையும் திருப்பித் தருவார், இந்த முதல் தாளை மட்டும் தரவே மாட்டார். “இது உங்களுக்கு இல்ல, எனக்கு.” அடுத்த வாரம் வந்தால் வரிசை மாறியிருக்கும். முதல் வரிசைக்கு மிஸ்ஸே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். மூன்றாம் வரிசைக்குப் பாஸ் பண்ணுகிற அளவுக்கான கணக்குகளை மட்டும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பார்.

தமயந்தி மூன்றாம் வரிசை. எட்டாம் வகுப்பில் ஒருநாள், ஒரு கணக்கை ஏன் அப்படிப் போட வேண்டும் என்று எழுந்து கேட்டுவிட்டாள். மிஸ் கோபிக்கவில்லை. கிட்டே வந்து தோளில் கை வைத்து, “உனக்குக் கணக்கு வராதும்மா. வருத்தப்படாத. கர்த்தர் உனக்குன்னு வேற ஏதாவது வச்சிருப்பார்” என்றார். திட்டியிருந்தாலாவது எதிர்த்து ஒரு வீம்பு வந்திருக்கும். அன்பாகச் சொன்னதால் அப்படியே நம்பிவிட்டாள். நம்பி இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது.

சனிக்கிழமை மதியம் அதே மிஸ்ஸைப் பார்க்கத்தான் போனாள். மூன்றாம் வரிசைப் பிள்ளைகளுக்கு இப்போது பாடப்புத்தகமே தனி, மெலிசாக இருக்கும். நிறைய டியூஷனில் அவர்களைச் சேர்ப்பதுகூட இல்லை. மிஸ் சேர்ப்பார். மகிழினியை இரண்டாம் வரிசையில் ஓர் ஓரமாக உட்கார வைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்பதுதான் அவள் நினைப்பு. அதற்குமேல் ஆசைப்படவில்லை.

ஹெலன் மிஸ்ஸுக்கு அறுபத்தொன்பது வயது. முட்டி வலி. ஆனால் புடவை மடிப்பு கலையவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“ரெண்டாவதுல உக்கார வச்சா பிள்ளைதான் திணறிப்போகும் தமயந்தி. இந்த மெஷின் தப்பு பண்றதில்ல. பழைய தாளுங்களைக் காட்டிப் பாத்ததுல நூத்துக்குத் தொண்ணூத்திநாலு சரியா சொல்லுச்சு. உன் கூடப் படிச்ச யாமினி செஞ்சதுதானே?”

“தெரியும் மிஸ். பேப்பர்ல எல்லாம் வந்துச்சே.”

“என்னோட முப்பத்தோரு வருஷத்து முதல் தாளையும் ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போனா. எந்த நம்பர் எந்தப் பிள்ளை, அது பன்னெண்டாவதுல என்ன மார்க்கு, எல்லாம் என் ரெஜிஸ்டர்ல இருந்துச்சு. மூவாயிரம் பிள்ளைங்க. இப்படி எழுதின பிள்ளை இப்படி ஆச்சுன்னு அத்தனையையும் மெஷினுக்குக் காட்டினா. அது கத்துக்கிச்சு. பேர் தெரியாது, சாதி தெரியாது, அப்பா என்ன வேலைன்னு தெரியாது. தாள் மட்டும்தான். அதுக்குப் பாரபட்சம் எங்கேருந்து வரும்?”

யாமினி பெயரைக் கேட்டதும் தமயந்தியின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. முதல் வரிசை யாமினி. பன்னிரண்டாவதில் தொண்ணூற்றொன்பது வாங்கியவள். எங்கேயோ போய்விட்டாள், ஆனாலும் தமாவை மறக்கவில்லை. ஆறு வருடம் முன்னால் நேரில் வந்து, உயர்ந்த ரகத் தையல் மெஷின் ஒன்றை வீட்டில் இறக்கிவிட்டுப் போனாள். எதுக்குடி இதெல்லாம் என்றால் பதில் சொல்லாமல் கட்டிப்பிடித்து அழுதாள். அந்த மெஷினுக்குத் தமயந்தி ஆயுத பூஜைக்கு மட்டுமில்லை, வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைக்கிறாள்.

“இரு, உன் தாளையே காட்டறேன்” என்றார் மிஸ். “பாத்தா உனக்கே மனசு ஆறும். நீ அப்படி எழுதியும் இன்னைக்கு நல்லாத்தானே இருக்க?”

அலமாரியைத் திறந்து, வருடவாரியாகக் கட்டி வைத்திருந்த தாள்களில் ஒரு கட்டை எடுத்துப் பிரித்தார். யாமினியின் ஆட்கள் படமெடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்த கட்டு. அதில் இரண்டு தாள்களில் மட்டும் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. ‘சேர்க்க வேண்டாம்’ என்று எழுதியிருந்தது.

“இது என்ன மிஸ்?”

“தெரியலயே. நான் கட்டைப் பிரிச்சே பாக்கல.” மிஸ் ரெஜிஸ்டரைப் புரட்டினார். “பதினாலு, தமயந்தி. இதான் உன்னோடது.”

தமயந்தி வாங்கிப் பார்த்தாள். இருபதுக்கு ஐந்து. எல்லா ஏழுக்கும் இடுப்பில் ஒரு கோடு கிழித்திருந்தது. வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. அந்தச் சாய்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த எழுத்தில்தான் அவளுடைய கல்யாணத்துக்கு வாழ்த்து அட்டை வந்தது.

“மிஸ், இது என் கையெழுத்து இல்ல.”

“முப்பது வருஷம் ஆகப்போகுதும்மா. உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?”

“அந்த இன்னொரு தாளைக் குடுங்க.”

பதினைந்தாம் நம்பர். இருபதுக்குப் பத்தொன்பது. தாள் முழுக்க எட்டுகள், குட்டி வட்டத்தின் தலையில் குட்டி வட்டமாக.

அந்தக் காலை நேரம் அப்படியே திரும்பி வந்தது. தமயந்திக்கு ஒதுக்கியது பதினாலாம் இடம், யாமினிக்குப் பதினைந்து, சுவரோரம். சுவரில் ஒரு பல்லி. யாமினிக்குப் பல்லி என்றால் உயிர் போய்விடும். தமா, தமா, இடம் மாத்திக்கலாம்டி என்று கெஞ்சினாள். இவள் நகர்ந்து சுவரோரம் உட்கார்ந்தாள். மிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், முன்னால் என்ன நம்பர் இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும் என்று. இரண்டும் பத்து வயதுப் பிள்ளைகள், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள். முன்னால் இருந்ததை எழுதின. தாளைக் கொடுத்துவிட்டு அவரவர் இடத்துக்குப் போய்விட்டன. அவ்வளவுதான் நடந்தது.

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து யாமினியை அழைத்து, சத்தம் வெளியே கேட்கும்படி மேசையில் வைத்தார்.

“சொல்லுங்க மிஸ், நல்லா இருக்கீங்களா? முட்டி எப்படி இருக்கு?”

“நான் தமா பேசறேன்.”

“தமா? நீ எங்கடி அங்க?”

“பதினாலும் பதினஞ்சும் என் கையில இருக்கு.”

தமயந்தி இரண்டு தாளையும் போனுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

“பல்லி ஞாபகம் இருக்கா உனக்கு?”

“இருக்கு.”

“உனக்கு எப்ப தெரியும்?”

“ஏழு வருஷம் ஆச்சு. தாளையெல்லாம் படம் எடுத்தப்ப பாத்தேன். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?” குரல் இறங்கிவிட்டது. “நான் உன் இடத்தைத் திருடலடி. நமக்குப் பத்து வயசு. எனக்கும் தெரியாது.”

“அப்ப திருடல, சரி. ஏழு வருஷம் முன்னாடி நமக்கு எத்தனை வயசு?”

தமயந்தி வருடங்களை எண்ணிப் பார்த்தாள். யாமினி தாளைப் பார்த்ததற்கு அடுத்த வருடம்தான் அந்தத் தையல் மெஷின் வந்தது. கட்டிப்பிடித்து அழுததும் அன்றைக்குத்தான். அதற்கா இத்தனை நாள் பொட்டு வைத்தோம் என்று நினைத்தபோது, ஏமாந்ததைவிட நன்றியோடு இருந்ததுதான் அவளுக்கு அவமானமாகப் பட்டது.

“மூவாயிரத்துல ரெண்டு தாள்” என்றாள். “கிடந்துட்டுப் போகுதுன்னு விடாம ஏன் எடுத்துப் போட்ட?”

ஹெலன் மிஸ்தான் பேசினார். கரும்பலகை முன்னால் நிற்கிறபோது வருகிற குரல்.

“நான் சொல்றேன். மத்த எல்லாப் பிள்ளையையும் தாள் எப்படியோ அப்படித்தான் உக்கார வச்சேன். நல்ல தாள் முன்னால, மோசமான தாள் பின்னால. அப்புறம் அதுங்க வாங்கின மார்க்கு அந்தத் தாளால வந்துச்சா, நான் உக்கார வச்ச வரிசையால வந்துச்சா? பிரிச்சுப் பாக்கவே முடியாது. ரெண்டும் ஒண்ணாவே போயிருக்கு. பிரிஞ்சு போனது ரெண்டே ரெண்டு பேர்கிட்ட. அஞ்சு மார்க் எழுதிட்டு முன்னால உக்காந்தவ தொண்ணூத்தொம்பது. பத்தொம்பது எழுதிட்டுப் பின்னால உக்காந்தவ...” அவர் ரெஜிஸ்டரைப் பார்த்தார். “முப்பத்தெட்டு.”

“மிஸ்” என்றாள் யாமினி.

“அப்ப உன் மெஷின் பிள்ளையைப் பாக்கவே இல்ல யாமினி. என்னைத்தான் பாத்திருக்கு. இந்த ஹெலன் எந்தப் பிள்ளையை எங்க தள்ளுவான்னுதான் அது சொல்லிட்டிருக்கு. உனக்கு அது தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் எடுத்துட்ட.”

“இப்ப எல்லா ஸ்கூல்லயும் இருக்கு மிஸ்” என்றாள் யாமினி. கெஞ்சுகிற குரல், பல்லியைப் பார்த்த அன்றைக்குப் போலவே. “நாப்பது லட்சம் பிள்ளைங்க. எப்படி நிறுத்துறது? கணிப்பு தப்பாகவும் இல்லயே. மூணாம் வரிசைன்னு சொன்ன பிள்ளை மூணாம் வரிசையிலதான் உக்காருது, அதுக்கேத்த பாடத்தைத்தான் படிக்குது. வருஷாவருஷம் சொன்னதுக்கேத்த மார்க்குதான் வருது.”

“வராம எங்க போகும்?” என்றார் மிஸ்.

தமயந்தி குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். “என் பொண்ணுக்கு மூணாவது வரிசைன்னு திங்கக்கிழமை வந்துச்சு. அது கிடக்கட்டும். என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா உன் மனசு கஷ்டப்படும்னுதான் தமா.”

தமயந்தி போனை அணைத்தாள்.

கீழே தெருவில் யாரோ தண்ணீர் லாரியைப் பின்னுக்கு வரச்சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். மிஸ் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கை சாயக்கூடாதுன்னுதான் பேரையே எழுத வேணாம்னேன்” என்றார். “எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சொல்லிக்குடுத்தேன்னு நேத்து வரைக்கும் சத்தியம் பண்ணியிருப்பேன் தமயந்தி.”

தமயந்தி ஆறுதல் சொல்லவில்லை.

“மகிழினியை நாளைக்கே கூட்டிட்டு வா” என்றார் மிஸ். “முதல் வரிசையில உக்கார வைக்கிறேன். நானே பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்கறேன்.”

“அங்கேருந்து எந்தப் பிள்ளையை எழுப்பி அனுப்புவீங்க மிஸ்?”

மிஸ் எத்தனையோ வருடமாகப் பாய்களை மூன்று வரிசையாகவே போட்டுப் பழகியவர். வேறு எப்படிப் போடுவது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கடைசியில் இரண்டு தாளையும் எடுத்து அவளிடம் நீட்டினார்.

“யார்கிட்ட வேணும்னாலும் கொண்டுபோய்க் காட்டு. கூப்பிடு, நானும் வந்து சொல்றேன். என் வாயாலயே சொல்றேன்.”

படியிறங்கும்போதுதான் தமயந்தி பதினைந்தாம் தாளின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பச்சை மையில் மிஸ்ஸின் பழைய எழுத்து, தனக்காக எழுதி வைத்துக்கொண்ட குறிப்பு. ‘கடைசிக் கணக்கை நான் சொல்லித்தராத வழியில் போட்டிருக்கிறாள். இவளை விடக் கூடாது.’

விடவில்லைதான். யாமினியை மிஸ் கடைசிவரை விடவேயில்லை. தமயந்தி படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மேலேயிருந்து மிஸ் பார்த்துக்கொண்டிருந்தார், இறங்கி வரவில்லை. தமயந்தி எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாள்களை மடிக்காமல் பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அழுகை போய்க் கோபம் வந்திருந்தது. நடையே வேகமாகிவிட்டது. பேப்பர்காரர்களிடம் போக வேண்டும், பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்க வேண்டும், மகிழினி மாதிரி இன்னும் எத்தனை பிள்ளைகள் என்று கேட்க வேண்டும். முதலில் மகிழினி. இன்றைக்கே உட்கார்ந்து அவளோடு கணக்குப் போட வேண்டும்.

சாயங்கால வெயில் கூடத்தில் விழுந்திருந்தது. மகிழினி தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தமயந்தி பையை மாட்டிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து நோட்டை இழுத்துப் பார்த்தாள். பத்துக் கணக்கில் ஆறு போட்டிருந்தது. நான்குக்கு நம்பரை மட்டும் எழுதி இடத்தை வெறுமனே விட்டிருந்தாள்.

“இதையெல்லாம் ஏன் விட்ட?”

“அது கஷ்டமான கணக்கு.”

“போட்டுப் பாத்தியா?”

“இல்ல. அது எனக்கு இல்லம்மா. முதல் வரிசைக்கு.”

“யாரு சொன்னா உனக்கு? ஸ்கூல்லயா?”

“யாரும் சொல்லல.” மகிழினி பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள். “முன்னாடியெல்லாம் நீ தினமும் என் நோட்டைப் பாப்ப. ஒரு கணக்கை விட்டா கத்துவ. திங்கக்கிழமையிலேர்ந்து நீ பாக்கவே இல்ல. போய் விளையாடுன்ற. ஸ்வாதி வீட்டுலயும் அவளை அப்படித்தான் சொன்னாங்களாம். அவ மூணாவது வரிசை.”

தமயந்தி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகிழினி எழுந்து உட்கார்ந்து, அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“நான் மூணாவது வரிசைன்னு உனக்கு எப்ப தெரியும்?”

“திங்கக்கிழமை.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னா உன் மனசு கஷ்டப்படும்னுதான், என்று. ஒரு மணி நேரம் முன்னால் வேறொருத்தி வாயிலிருந்து கேட்ட அதே வார்த்தைகள், ஒன்றுகூட மாறாமல் வந்து நின்றன. தமயந்தி வாயை மூடிக்கொண்டாள். மகிழினி பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.